இத யாரு போட்டது?

ஒரே வேலையைச் செய்ய இரண்டு பேர் வந்து நின்று, இரண்டு பேர் செய்வதும் சரியாகவே இருந்துவிட்டால், விலக வேண்டியவர் யார்? அயூப் இப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"இத யாரு போட்டது?"

கேட்டுவிட்டுத் திரையைப் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். அப்பா மகனைப் பார்ப்பார். மகன், லீவுக்கு வந்துவிட்டுப் போன மாமா பையனின் பெயரைச் சொல்வான். அம்மா சமையலறையிலிருந்தே, "எல்லாம் உங்கப்பாதான். அன்னிக்கே தொடாதீங்கன்னு சொன்னேன்" என்பாள். அயூப் எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டுவார். "சிடில வந்தத ஒருத்தர் போட்டீங்க. நெட்லேர்ந்து எறக்கி இன்னொருத்தர் போட்டீங்க. நல்லதுக்குத்தான் போட்டீங்க. ஒரு வண்டில ரெண்டு டிரைவர் ஏறி ஒக்காந்துகினா வண்டி இன்னா பண்ணும், பாவம்?"

தென் சென்னைப் புறநகர் வீடுகளுக்குக் கம்பியில்லாத இன்டர்நெட் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. விரல் நீளத்தில் ஒரு அடாப்டரை வாங்கிக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினால் போதும், ஒயர் இழுக்க வேண்டாம் என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். அந்த அடாப்டரோடு பேசக் கம்ப்யூட்டருக்கு ஒரு மென்பொருள் வேண்டும், அதற்கு டிரைவர் என்று பெயர், அது ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் ஒன்றுமே இல்லாததைவிட மோசம் என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அயூபுக்கு இத்தனை வீடுகள் பழக்கமாகியிருக்காது.

அவருடைய கடை குரோம்பேட்டையில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் சந்தில், ஜாக்கெட் துணிக் கடைக்கு மேலே, முதல் மாடியில். அவருக்கு நாற்பத்தாறு வயது. கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் செல்போன். அதன் கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுத்திருக்கும். அந்தப் பத்து எண்களைக் குரோம்பேட்டையிலும் சித்லபாக்கத்திலும் அஸ்தினாபுரத்திலும் பல வீடுகள் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கின்றன, காஸ் நம்பருக்குக் கீழே.

முன்பு பல்லாவரத்தில் தோல் கையுறை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருந்தார். ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அட்டைப் பெட்டியைப் பிரிக்கிற வேலை என்பதால் பேக்கிங் ஆளைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். அயூப் பெட்டியின் அடியில் கிடந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதைப் படித்து முடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. திரையில் ஏதாவது கேள்வி தோன்றினால், எல்லோரும் படிக்காமலே 'நெக்ஸ்ட்' அழுத்துகிற இடத்தில் அவர் நின்றுவிடுவார். உதடு அசையும். ஒரு சொல் பிடிபடாவிட்டால் அடுத்த சொல்லுக்குப் போக மாட்டார். பக்கத்தில் நிற்பவர்கள் பொறுமையிழந்து, "சும்மா ஓகே குடுங்க சார்" என்றால், "கேக்குறான்ல? இன்னா கேக்குறான்னே தெரியாம ஆமான்னு தலையாட்டினா எப்டி?" என்பார்.

அதனால் அவரைக் கெட்டிக்காரர் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் எடுப்பார். பத்து மணிக்கு வருகிறேன் என்றால் பன்னிரண்டுக்கு வருவார். மூடியைக் கழற்றி மாட்டினால் தவறாமல் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். "இது எக்ஸ்ட்ராம்மா, கம்பெனிக்காரனே குடுக்கறது" என்று கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவருடைய மனைவி ஜஹீரா, சட்டையை ஊற வைப்பதற்கு முன் பையைத் தலைகீழாக உதறுகிறாள். குளியலறை ஜன்னலில் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய ஸ்க்ரூ இருக்கிறது.

ஒன்றை மட்டும் அவர் விடுவதில்லை. மூடியைக் கழற்றிய எந்தப் பெட்டியிலும், செய்த வேலையை ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுவார். தேதி, எடுத்தது என்ன, போட்டது என்ன, கடைசியில் பெயர். வீட்டுக்காரர்கள் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. "எனக்கப்புறம் தொறக்கறவன் என்னைத் திட்டாம இருக்கணுமில்ல?" என்பார்.

அப்படித் திறக்கிறவன் அவர் கடைக்குள்ளேயே வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து ஆறின் கடைசியில். ஜஹீராவின் தம்பி அசார். இருபத்தெட்டு வயது. ஷார்ஜாவில் நெட்வொர்க் வேலை பார்த்தவன். கம்பெனியை மூடிவிட்டதால் திரும்பி வந்தான். ஆறு மாதம் அக்காள் வீட்டுக் கூடத்திலேயே கிடந்தான். யார் கேட்டாலும், "லீவுல வந்திருக்கேன்" என்றான். தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஆறு மாதம் யாரும் லீவு தரமாட்டார்கள் என்று. ஒரு நாள் அயூப் கடைக்கு இரண்டாவது நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். "மச்சான், சும்மாதானே கீறீங்க, வந்து ஒக்காருங்க" என்றார். வயதில் இத்தனை சிறியவன் என்றாலும் மனைவியின் தம்பியை அவர் 'நீங்க' என்றுதான் சொல்வார். அசாருக்கும் அவர் மச்சான்தான். கடையில் எந்த நேரமும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மச்சான் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அசார் வேகமானவன். மௌஸைத் தொடாமல் கீபோர்டிலேயே எல்லாவற்றையும் திறந்து மூடுவான். திரையில் கேள்வி தோன்றி முடிப்பதற்குள் பதில் சொல்லியிருப்பான். கொஞ்ச நாளில் அயூபின் செல்போனில் கூப்பிடுகிறவர்கள், கொஞ்சம் தயங்கி, "அந்தச் சின்னவர அனுப்புறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "அனுப்பறேன் சார்" என்பார் அயூப். போனைப் பையில் போட்டுவிட்டு, டிராயரைத் திறந்து, ஏற்கெனவே தரம் பிரித்து வைத்திருந்த கேபிள்களை மறுபடியும் தரம் பிரிப்பார்.

இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் குறை சொன்னதும் இல்லை. ஒருவர் போட்டு வைத்ததை இன்னொருவர் எடுப்பதில்லை என்பது சொல்லாமலே அமைந்துவிட்ட ஏற்பாடு. மச்சான் உறவில் அது மரியாதை. அந்த மரியாதைதான் சத்யப்ரியாவின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

சத்யப்ரியா சித்லபாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கிறாள். அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்து அனுப்புகிற வேலை. ஆபீஸ் கிண்டியில். குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தே செய்யச் சம்மதித்திருந்தார்கள். வலது காலுக்குக் கீழே ஒரு பெடல். அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். இடது கால் கட்டைவிரலில் தூளியின் கயிறு. குழந்தை அழுதால் டாக்டரை நிறுத்துவாள். தூங்கினால் டாக்டரைப் பேசவிடுவாள். இன்டர்நெட் இணைப்பு கீழே வீட்டுக்காரர் ராஜாராமனுடையது. மேலே ஒயர் கொண்டுவரச் சுவரைத் துளைக்க வேண்டும். "இப்பத்தாம்மா பெயின்ட் அடிச்சேன். காத்துலயே வருதாமே, அதை வாங்கிக்கோயேன்" என்றார் அவர். வாங்கிக்கொண்டாள். அயூப் வந்து, சிடியில் இருந்ததைப் போட்டு, அடாப்டரை மாட்டிக் கொடுத்தார். ஒரு மாதம் நன்றாக ஓடியது.

செப்டம்பரில் ஒரு நாள் இணைப்பு நின்றது. கீழே ராஜாராமன் தூசி தட்டும்போது மோடத்தை அணைத்துவிட்டிருந்தார், அவ்வளவுதான். அது தெரியாமல் சத்யப்ரியா கடைக்குப் போன் செய்ய, அசார் வந்தான். மோடத்தைப் போட்டான். வந்ததுதான் வந்தோம் என்று நெட்டிலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டு, இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விண்டோஸிடமே ஒப்படைத்தான். சிடியிலிருந்து அயூப் போட்டிருந்த புரோகிராமை மூடினானே தவிர எடுக்கவில்லை. மச்சான் போட்டது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தப் பழைய புரோகிராம் தானாகவே விழித்துக்கொண்டு, இணைப்பு என்னுடையது என்றது. விண்டோஸ், என்னுடையது என்றது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அறுந்தது. சத்யப்ரியா காலண்டரைப் பார்த்து அயூபின் செல்போனுக்கு அடித்தாள். அயூப் வந்து உட்கார்ந்தார்.

"இத யாரு போட்டது?"

"உங்க கடையிலேர்ந்துதாண்ணா வந்தாரு. அசார்."

அயூப் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் முன்னால் மச்சான் போட்டதை எடுப்பது அழகில்லை. விண்டோஸைச் சற்று ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தம்முடையதை மேலே தூக்கிவிட்டார். ஓடியது. கடைக்குப் போய் அசாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அசார் வந்தான். அதையே மறுபக்கமாகச் செய்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் இப்படி. ஒவ்வொருவர் வந்து போன அன்றும் கம்ப்யூட்டர் ஓடும். ஒரு முறை அணைத்துப் போட்டால் படுத்துவிடும்.

அதற்குள் ஐந்து ஃபைல் தாமதமாகிவிட்டது. ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. இன்னும் ஒன்று தாமதமானால் வீட்டிலிருந்து வேலை கிடையாது. கிண்டிக்கு வரலாம், இல்லையென்றால் நின்றுகொள்ளலாம். கணவன் பிரேமுக்கு மறைமலைநகரில் ஷிப்ட் வேலை. ஏழு மாதக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுக் கிண்டிக்குப் போவது? வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அடுத்த ஃபைல் போக வேண்டும். காலையில் இணைப்பு போனது. கடைக்கு அடித்தாள், அசார் கிளம்புவதாகச் சொன்னான். அரை மணி நேரம் பொறுத்தாள். பயத்தில் அயூபுக்கும் அடித்தாள். ராதா நகரில் ஒரு வீட்டில் இருந்த அயூப் உடனே வந்து, வழக்கம்போல் தம்முடையதை மேலே தூக்கிவிட்டுப் போனார்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. குரோம்பேட்டை கேட் மூடினால் டீ குடித்துவிட்டு வரலாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கம்பியை ஒட்டி முதல் ஆளாகப் பைக்கில் உட்கார்ந்திருந்தான் அசார். தோளில் கடைப் பை.

"எங்க மச்சான்?" என்று இந்தப் பக்கமிருந்து கத்தினார் அயூப்.

"சித்லபாக்கம் மச்சான்! அந்தக் குழந்த வச்சிருக்கற மேடம் வூடு!"

"நான் அங்கேர்ந்துதான் வரேன்!"

அசார் ஹெல்மெட்டைக் கழற்றினான். "நேத்துகூட நான் போய் சரி பண்ணேனே!"

"முந்தா நேத்து நான் பண்ணேன்!"

"எதை மச்சான் பண்ணீங்க?"

"நீங்க எதைப் பண்ணீங்க?"

அயூபின் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். "இன்னாபா, ரெண்டு பேரும் கேட்டுக்கு கேட்டு குடும்பம் நடத்திகினு கீறீங்க? வூட்ல போய் பேசிக்கங்கபா!"

ரயில் வந்து இருவரையும் மறைத்தது. அது போகிறவரை அயூப் விரல்விட்டு நாட்களை எண்ணினார். கடைசிப் பெட்டி கடந்தபோது அந்தப் பக்கம் அசாரும் எண்ணி முடித்திருந்தான் போலிருந்தது. தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். அயூபுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட் தூக்கியதும், ஆட்டோக்காரர் திட்டத் திட்ட, தம் டிவிஎஸ் மொபெட்டைக் குறுக்காக வந்த வழியே திருப்பினார்.

சத்யப்ரியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே நின்றாள். "நீங்க போய் அஞ்சு நிமிஷத்துல கரண்ட் போச்சுண்ணா. வந்து ஆன் பண்ணா மறுபடியும் அதே." அப்புறம்தான் பின்னால் வந்தவனைப் பார்த்தாள். "ஐயோ, நீங்களுமா? நான்தான் ரெண்டு பேரையும் கூப்பிட்டுட்டேன். சாரி."

மணி ஒன்று பத்து. கம்ப்யூட்டர் முன்னால் ஒரே நாற்காலி.

"ஒக்காருங்க மச்சான்," என்றார் அயூப்.

"இல்ல மச்சான், நீங்க பாருங்க."

"வேகமா முடியணும். நீங்கதான் சரி."

"மொதல்ல போட்டது நீங்க. நான் எப்டி..."

"யாராவது ஒருத்தர் உக்காருங்கண்ணா!" சத்யப்ரியா நாற்காலியை அவர்கள் பக்கம் தள்ளினாள். "ரெண்டு மணிக்கு ஃபைல் போகலேன்னா எனக்கு வேலையே இல்ல!"

குழந்தை அழ ஆரம்பித்தது. அயூப் உட்கார்ந்தார். திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரே இணைப்புக்கு இரண்டு சின்னப் படங்கள் இருந்தன. மூன்று வாரமாக அவை அங்கேயேதான் இருந்தன, இருவருமே பார்த்திருந்தார்கள்.

"ரெண்டுமே நல்லாத்தான் ஓடும்மா," என்றார் அயூப் சத்யப்ரியாவிடம். "தனித்தனியா வச்சா ரெண்டுல எதுவும் உன்ன ஏமாத்தாது. ஒண்ணு போவணும். அவ்ளோதான்."

"என்னோடத எடுத்துடுங்க மச்சான்," என்றான் அசார். "பழையபடி இருக்கட்டும். அதான் முறை."

அயூப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பட்டியலைத் திறந்தார். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தார். இதை நிச்சயமாக எடுத்துவிடலாமா என்று கேட்டுத் திரையில் ஒரு பெட்டி வந்தது. மணி ஒன்று இருபத்தைந்து. அந்த நேரத்திலும் அவர் உதடு அசைந்தது. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை படித்தார். சத்யப்ரியா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்பதை அழுத்தினார்.

"மச்சான், அது உங்களோடது!"

"படிச்சேன்."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மூலையில் ஒரே ஒரு சின்னப் படம் வந்தது. திருப்தியில்லாமல் இன்னொரு முறை அணைத்துப் போட்டார். அதே ஒன்று. எழுந்து நாற்காலியைச் சத்யப்ரியாவிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த நாலு வரியை அடித்து ஃபைலை அவள் அனுப்பியபோது மணி ஒன்று ஐம்பத்திரண்டு. போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதில் வரும்வரை மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வந்ததும் அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். குழந்தை அயூபின் கண்ணாடிக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

இந்த வேலைக்கு மூடியைக் கழற்றத் தேவையே இல்லை. இருந்தும் கழற்றினார். துண்டுத் தாளில் எழுதி உட்புறம் ஒட்டினார். அசார் குனிந்து படித்தான். தேதி. எடுத்தது: அயூப் போட்டது. இருப்பது: அசார் போட்டது. மூடியைத் திருப்பி மாட்டியதும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. அயூப் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை கடையில், அயூப் தம் செல்போனைப் பையிலிருந்து எடுத்து, சார்ஜர் ஒயரைச் சுற்றி, அசாரின் மேஜைமேல் வைத்தார்.

"வூட்டுக்கு வரச் சொல்லி போன் வந்தா நீங்க போங்க மச்சான். கடைக்கு வர்றத நான் பாத்துக்கறேன்."

"எங்கிட்டதான் போன் இருக்கே மச்சான்."

"அந்த நம்பர் யாருக்குத் தெரியும்?"

அசார் மறுபடியும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அயூப் தூசி தட்டும் பிரஷ்ஷைத் தேட ஆரம்பித்திருந்தார். அது எதிரிலேயே இருந்தது. இரவு சாப்பிடும்போது ஜஹீரா, "போன அவன் கேட்டானா?" என்றாள். இல்லை என்றார். "கஸ்டமர் யாராவது ஏதாவது சொன்னாங்களா?" இல்லை. "அப்புறம் ஏங்க?" அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சால்னா நல்லா கீது" என்றார்.

இப்போது ஒரு வருஷமாகப் போகிறது. அயூப் கடையிலேயே இருக்கிறார். யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தால், "இத யாரு போட்டது?" என்று கேட்கிறார். எதிர் மேஜையில் செல்போன் அடிக்கிறபோதெல்லாம் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. அங்கே ஒரு ஸ்க்ரூதான் இருக்கும். அசார் போனை எடுத்து, "ஹலோ, அயூப் கம்ப்யூட்டர்ஸ், சொல்லுங்க மேடம்" என்கிறான். அயூப் ஸ்க்ரூவை வெளியே எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு முன்னால் திறந்து கிடக்கும் பெட்டியில் காலியாக இருக்கிற துளையைத் தேடி, அதை மாட்டி முறுக்குகிறார்.